யாழ்ப்பாணத்து வெயிலில் ஹைபிரிட் கார்: பெற்றோல் எங்கே மிஞ்சுகிறது, பற்றரி எதனால் போகிறது

பெற்றோல் இஞ்சினும் மின்மோட்டரும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட் காரான டொயோட்டா அக்குவா 2011 டிசம்பரில் ஜப்பானில் வெளிவந்தபோது விளம்பரத் தாளில் இருந்த எண் லீற்றருக்கு 35.4 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்தில் பாவித்த அக்குவா ஒன்றைக் கைமாற்றிவிட வரும் தரகர் இன்றும் அந்த எண்ணில்தான் கதையைத் தொடங்குவார். பேரம் முற்றினால் "முப்பதுக்குக் குறையாது அண்ணை" என்று கொஞ்சம் இறங்குவார். வாங்கியவர் மூன்று மாதம் ஓடிவிட்டுக் கணக்குப் பார்த்தால் இருபது, இருபத்திரண்டில் நிற்கும். உடனே கராச்சுக்குப் போவார். பெரும்பாலும் காரில் ஒரு குறையும் இருக்காது. குறை அந்த எண்ணை இங்கே கொண்டுவந்து பொருத்தியதில்தான்.

35.4 என்பது ஜேசி08 என்ற ஜப்பானியச் சோதனையின் விடை. உருளைகளின் மேல் காரை நிறுத்தி 8.17 கிலோமீற்றர் ஓட்டுவார்கள். சராசரி வேகம் மணிக்கு 24.4 கிலோமீற்றர், உச்சம் 81.6. ஏசி போடமாட்டார்கள். முடிவைக் கணிக்கும்போது முக்கால் பங்கு நிறை, இஞ்சின் ஏற்கெனவே சூடேறிய ஓட்டத்துக்குக் கொடுக்கப்படும். திருநெல்வேலியிலிருந்து பெரிய கடைக்கு நாலு கிலோமீற்றர் போய், ஒரு மணி நேரம் வெயிலில் நிறுத்திவிட்டு, ஏசியை முழுக்கத் திறந்து திரும்பி வரும் ஓட்டத்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. அதனால் இங்கே ஓடும் அக்குவாக்களும் பிரியஸ்களும் பெரும்பாலும் பத்து வயதை அண்டியவை, அல்லது தாண்டியவை. புதுக் காரின் எண்ணை வைத்துக்கொண்டு பழைய பற்றரியோடு சண்டை பிடிக்கிறோம்.

காருக்குள் நடப்பது

டொயோட்டா முறையில் இஞ்சினையும் இரண்டு மின்மோட்டர்களையும் ஒரு கிரகப் பற்சக்கரத் தொகுதி பிணைத்து வைத்திருக்கிறது. நடுச் சக்கரத்தில் சிறிய மோட்டர். அது ஜெனரேற்றராகவும் இஞ்சினை ஸ்ராட் பண்ணும் மோட்டராகவும் வேலை செய்யும். நடுச் சக்கரத்தைச் சுற்றிவரும் சிறு சக்கரங்களைத் தாங்கும் சட்டத்தில் இஞ்சின். வெளி வளையத்தில் பெரிய மோட்டரும் சில்லுகளும். 2009 இல் வந்த மூன்றாம் தலைமுறைப் பிரியஸில் நடுச் சக்கரத்துக்கு 30 பல், வளையத்துக்கு 78 பல். இந்தக் கணக்கால் இஞ்சின் தரும் முறுக்குவிசையில் 72 சதவீதம் எப்போதும் சில்லுப் பக்கம் போகும், மிச்சம் 28 சதவீதம் ஜெனரேற்றரைச் சுழற்றும். கிளச் கிடையாது, கியர் மாறுவது கிடையாது, தனியாக ஸ்ராட்டர் மோட்டரும் கிடையாது. பழுதாகக்கூடிய சாமான்களில் பாதி இதனாலேயே இல்லாமல் போய்விட்டது. பத்து இலட்சம் ரூபாய்க்கு கியர்பெட்டி போட்ட கதைகள் இந்தக் கார்களில் அபூர்வமாகக் கேட்பதன் காரணம் இதுதான்.

இஞ்சினும் வேறு மாதிரி. உள்ளெடுப்பு வால்வு வழமையைவிடப் பிந்தி மூடும். உள்ளே வந்த காற்றில் ஒரு பகுதி திரும்ப வெளியே தள்ளப்படும். அழுத்துவது குறைவு, எரிந்த பிறகு விரிவது அதிகம். பெற்றோலின் சூட்டிலிருந்து கூடுதலான வேலை கிடைக்கும். 2015 இல் வந்த பிரியஸில் வெப்பத் திறன் 40 சதவீதத்தைத் தொட்டது. இதற்குக் கொடுக்கும் விலை, குறைந்த சுழற்சியில் இழுவை இல்லாமை. அந்த இடத்தை மின்மோட்டர் நிரப்புகிறது. அக்குவாவின் 1.5 லீற்றர் இஞ்சின் 54 கிலோவாற், மோட்டர் 45 கிலோவாற். இரண்டும் சேர்ந்தால் 99 வராது, 73 தான். பற்றரி கொடுக்கக்கூடிய மின்சாரம் அவ்வளவுதான் என்பதால் கூட்டுத்தொகை அங்கே நின்றுவிடுகிறது.

அந்தப் பற்றரி பலர் நினைப்பதைவிட மிகச் சிறியது. அக்குவாவில் 7.2 வோல்ற் நிக்கல் மெற்றல் ஹைட்ரைட் தொகுதிகள் 20. மொத்தம் 144 வோல்ற், கொள்ளளவு ஒரு கிலோவாற் மணிக்கும் கொஞ்சம் குறைவு. பிரியஸில் 28 தொகுதிகள், 201.6 வோல்ற், 1.3 கிலோவாற் மணி. அதிலும் ஏறத்தாழ 40 சதவீதத்துக்கும் 80 சதவீதத்துக்கும் இடையில்தான் கணினி விளையாட விடும். அக்குவாவில் கைக்கு வருவது 0.37 கிலோவாற் மணி அளவு. வெயிலில் ஏசி ஒரு கிலோவாற் இழுத்தால் இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். பள்ளிக்கூட வாசலில் பிள்ளைக்காகக் காத்திருக்கும் காரில் இஞ்சின் தானாகவே விழித்துக்கொள்வது இதனால்தான்.

ஊர் ஓட்டமும் ஏ9 ஓட்டமும்

யாழ்ப்பாணம் தட்டையான மண். இறக்கத்தில் சும்மா உருண்டு பற்றரி நிரம்பும் சந்தர்ப்பம் இங்கே இல்லை. மீளப்பெறும் மின்சாரம் முழுக்கப் பிரேக்கில்தான், மோட்டர் ஜெனரேற்றராக மாறும்போது, வருகிறது: குறுக்கே வரும் சைக்கிள், சந்திக்குச் சந்தி நிற்கும் பஸ், ஒழுங்கை முடக்கில் திடீரென்று எட்டிப்பார்க்கும் ஓட்டோ. ஆட்களோடு 1,200 கிலோ வரும் கார் மணிக்கு 50 இல் போகும்போது அதற்குள் இருக்கும் இயக்க ஆற்றல் 0.032 கிலோவாற் மணி. நல்லபடியாகப் பிரேக் பிடித்தால் அதில் பாதிக்கு மேல் பற்றரிக்குத் திரும்பும்; சடாரென்று அமத்தினால் பெரும்பகுதி பிரேக் பாட்டில் சூடாகப் போய்விடும். சந்தியில் சிவப்பு தெரிந்தவுடன் காலை எடுத்து, பிரேக்கை நீளமாக, மெதுவாக அமத்திக்கொண்டு போகிறவருக்கும் கடைசி இருபது மீற்றரில் அமத்துகிறவருக்கும் லீற்றருக்கு இரண்டு மூன்று கிலோமீற்றர் வித்தியாசம் வரும்.

உண்மையில் பெற்றோலைத் தின்பது குறுகிய ஓட்டம். காலையில் 'ரெடி' விளக்கு எரிந்ததும், வெளியேற்றக் குழாயிலுள்ள வினையூக்கியைச் சூடாக்குவதற்காக இஞ்சின் ஓடும். அந்த நேரத்தில் கார் போவது பெரும்பாலும் பற்றரியில். இஞ்சின் எரிக்கும் பெற்றோல் தூரமாக மாறுவதில்லை. இரண்டு கிலோமீற்றரில் கடை, பிறகு அரை மணி நேரம் நிறுத்தம், திரும்ப இரண்டு கிலோமீற்றர் என்றால் காரின் வாழ்க்கையே சூடேறுவதில் கழியும். அக்குவாவுக்கு இந்த ஓட்டத்தில் 15, 16 வந்தால் அது பழுதல்ல. அதே கார் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஒரே மூச்சில் வந்துபோனால் 20 க்கு மேல் எளிதாகக் கொடுக்கும்.

ஏ9 இல் கதை மாறும். கொடிகாமம் தாண்டி ஆனையிறவு நோக்கி மணிக்கு 60, 70 இல் ஒரே சீராகப் போனால் அக்குவாவில் 24, 25 எதிர்பார்க்கலாம். பிரியஸ் அதைவிட இரண்டு மூன்று குறையும். ஊருக்கு வெளியே காருக்குச் சட்டப்படி உச்சம் மணிக்கு 70 தான். கிளிநொச்சிக்கு அப்பால் ரோட்டு வெளித்தது என்று 90 க்கு ஏற்றினால் காற்றுத் தடை 65 சதவீதம் கூடும். பிரேக்கே பிடிக்காத நெடும் ஓட்டத்தில் ஹைபிரிட்டின் பெரிய துருப்புச்சீட்டுக்கு வேலை இல்லை. நல்ல இஞ்சின் உள்ள சாதாரண காரோடு உள்ள இடைவெளி அங்கே சுருங்கும்.

சிலர் கியரை 'பி' இல் போட்டு ஊருக்குள் ஓடுகிறார்கள், பற்றரி கூடுதலாக ஏறும் என்ற நினைப்பில். அது மலையிறக்கத்துக்கானது. இஞ்சினைச் சும்மா சுழற்றி வேகத்தைக் குறைக்கும். கண்டியிலிருந்து நுவரெலியா போய் இறங்கும்போது தேவைப்படும், கோப்பாயில் தேவைப்படாது. இவி பொத்தானும் அப்படித்தான். கட்டாயப்படுத்தி மின்சாரத்தில் ஓடிய தூரத்தை இஞ்சின் பிறகு பெற்றோலால் ஈடுகட்டும், நடுவில் கொஞ்சம் இழப்போடு. ராவில் அயலை எழுப்பாமல் காரை வெளியே எடுக்க நல்லது.

95 ஒக்ரேன் பெற்றோல் அடித்தால் கூட ஓடும் என்பதும் வீண் செலவு. இந்த இஞ்சின்கள் ஜப்பானின் சாதாரண பெற்றோலுக்காக அமைக்கப்பட்டவை, 92 தாராளமாகப் போதும். எவ்வளவு ஓடுகிறது என்று அறிய வேண்டுமென்றால் திரையை நம்பாமல், பம்பு தானாக நிற்கும் வரை நிரப்பி, தூரமானியைப் பூச்சியமாக்கி, 300 கிலோமீற்றராவது ஓடி, அதே பம்பில் அதே மாதிரி நிரப்பி வகுத்துப் பாருங்கள். திரை வழமையாகக் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும்.

சூடு, புழுதி, உப்பு, கிணற்றுத் தண்ணி

பற்றரி கிலோமீற்றரால் மட்டும் சாவதில்லை. குடாநாட்டில் அதைச் சாகடிக்கும் முதல் ஆள் சூடு. பற்றரியைக் குளிர்விக்கும் காற்று வெளியிலிருந்து வருவதில்லை. பயணிகள் இருக்கும் அறையிலிருந்து, பின் இருக்கையின் ஓரத்திலுள்ள ஒரு சிறிய கிறில் வழியாக, விசிறி அதை இழுக்கிறது. அறை வேகினால் பற்றரியும் வேகும். கண்ணாடி பூட்டி உச்சி வெயிலில் நின்ற காரை எடுத்தவுடன் ஒரு நிமிடம் நாலு கண்ணாடியையும் இறக்கி ஓடி, பிறகு ஏசி போட்டால் பற்றரிக்குச் செய்யும் பெரிய உபகாரம். பின் இருக்கையில் யாரும் இல்லை என்று பின்பக்கம் காற்றுப் போகாமல் அடைப்பதும், அந்தக் கிறிலின் மேல் அரிசிப் பையைச் சாய்த்து வைப்பதும் நேர் எதிரானவை. பற்றரி சூடாகிவிட்டால் கணினி அதற்குள் போகும் வரும் மின்னோட்டத்தைக் குறைத்துவிடும். பிரேக்கில் வரும் மின்சாரம் வீணாகும், லீற்றருக்கு ஓடும் தூரம் விழும்.

இரண்டாவது, புழுதி. வலிகாமத்துச் செம்மண் மாவாகப் பறக்கும். அது கால்மிதியிலிருந்து கிளம்பி அந்தக் கிறிலுக்குள் போகும். வலை இருக்கும் கார்களில் வலை அடைபடும். வலை இல்லாத கார்களில் புழுதியும் தலைமயிரும் நூலும் விசிறியின் இறக்கைகளில் கம்பளி மாதிரி படியும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கிறிலைக் கழற்றி வலையைக் கழுவி உலர்த்திப் போடவும், ஆண்டுக்கு ஒருமுறை விசிறியைக் கழற்றித் தூரிகையால் துடைக்கவும் சொல்லுங்கள். சேர்விஸ் நிலையங்களில் கேட்காவிட்டால் இதைச் செய்யமாட்டார்கள், பட்டியலிலும் இருக்காது. ஓலைக் கொட்டிலில் நிறுத்தும் கார்களில் எலி இந்தக் காற்றுக் குழாய்க்குள் கூடு கட்டும், வயரையும் அரிக்கும்.

பண்ணைப் பாலம் தாண்டித் தீவுப் பக்கம், பொன்னாலை தாண்டிக் காரைநகர்ப் பக்கம் தினமும் ஓடும் கார்களுக்கு மூன்றாவது எதிரி உண்டு: உப்புக் காற்று. பற்றரித் தொகுதிகளை ஒன்றோடொன்று இணைக்கும் செப்புத் தகடுகளில் பச்சைக் களிம்பு பிடிக்கும். வோல்ற்றை அளக்கும் மெல்லிய கம்பிகளின் முனையும் அரிக்கும். கணினிக்குத் தவறான அளவு போகும், சிவப்பு முக்கோணம் எரியும். பற்றரி போய்விட்டது என்று தீர்ப்புச் சொல்லமுதல் தகடுகளைக் கழற்றிச் சுத்தமாக்கிப் பார்க்க வேண்டும். திரும்பப் பூட்டும்போது நட்டுக்கு 5.4 நியூட்டன் மீற்றர் முறுக்கு போதும். கையிலுள்ள பலத்தை எல்லாம் காட்டினால் தொகுதியின் முனை பிளாஸ்ரிக்கோடு கழன்று வரும்.

இதே உப்புக் காற்று பிரேக்கையும் விடாது. மீளப்பெறும் பிரேக்கே பெரும்பாலான வேலையைச் செய்வதால் பாட் ஒரு இலட்சம் கிலோமீற்றரிலும் தடிப்பாக இருக்கும். பாவனை இல்லாத தட்டில் கறள் ஏறும், கலிப்பரின் ஊசிகள் இறுகும். ஆண்டுக்கு ஒருமுறை கழற்றிக் கிறீஸ் போட வேண்டும். வெறும் ரோட்டில் கியரை 'என்' இல் போட்டு இரண்டு தடவை பிரேக் பிடித்தால் தட்டு துடைபடும். 'என்' இல் மின்பிரேக் வேலை செய்யாது.

நாலாவது, நம்முடைய கிணறு. குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கிறது. கேத்திலின் அடியில் படியும் வெள்ளைப் பொருக்கு ரேடியேற்றருக்குள்ளும் படியும். கரையோரம் என்றால் உவரும் சேரும். இந்தக் கார்களில் இஞ்சினுக்கு ஒன்று, பற்றரி மின்சாரத்தை மோட்டருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வேற்றருக்கு ஒன்று என்று குளிர்நீர்ச் சுற்று இரண்டு. இரண்டிலும் இளஞ்சிவப்பு நிறக் கூலன்ற் மட்டும்தான் ஊற்ற வேண்டும், குறைந்தால் வடித்த நீர் கலந்தது. ஒரு போத்தல் கிணற்றுத் தண்ணியால் மிச்சம் பிடித்த காசை இன்வேற்றர் பம்பு வட்டியோடு வாங்கிக்கொள்ளும். அந்தப் பம்பு ஓடுகிறதா என்று பார்ப்பது எளிது: 'ரெடி' நிலையில் இன்வேற்றரின் சிறு தொட்டியைத் திறந்து பார்த்தால் உள்ளே நீர் கலங்கிச் சுழல வேண்டும். கண்ணாடி மாதிரி அசையாமல் நின்றால் பம்பு ஓடவில்லை. இன்வேற்றர் சூடேறி, ஏற்றத்திலோ ஏசி வெயிலிலோ கார் நடுரோட்டில் நிற்கும்.

மூன்றாம் தலைமுறைப் பிரியஸில் அதிகம் காணும் ஒரு நோயையும் சொல்லிவிட வேண்டும். எரிந்த வாயுவில் ஒரு பகுதியைக் குளிராக்கித் திரும்ப இஞ்சினுக்குள் விடும் ஈஜிஆர் கூலர் கரியால் அடைபடும். குறுகிய ஓட்டம் கூடிய காரில் இன்னும் வேகமாக அடைபடும். வாயு எல்லா சிலிண்டருக்கும் ஒழுங்காகப் போகாமல் சூடு ஏறி, ஹெட் காஸ்கற் (இஞ்சினின் மேற்பகுதிக்கும் கீழ்ப்பகுதிக்கும் நடுவே அடைக்கும் தகடு) கசியத் தொடங்கும். அறிகுறி காலையில் தெரியும்: முதல் ஸ்ராட்டில் சில விநாடி கார் கடகடவென்று குலுங்கிப் பிறகு சரியாகும், கூலன்ற் மெல்ல மெல்லக் குறையும், வெளியே கசிவு காணாது. ஒரு இலட்சம் கிலோமீற்றரைத் தாண்டியதும் கூலரையும் உள்ளெடுப்புக் குழாயையும் கழற்றிக் கழுவுவது அரை நாள் வேலை. ஹெட் கழற்றுவது அப்படியில்லை.

மாரியில் ஒழுங்கைகள் குளமாகும்போது கவனம் வேண்டியது அக்குவாவுக்கு. பற்றரி பின் இருக்கையின் கீழே, தாழ்வாக இருக்கிறது. தண்ணி கதவின் அடிப்படியைத் தொட்டால் திரும்பிவிடுவது நல்லது. உயர் அழுத்த மின்சுற்று காரின் உடலிலிருந்து முற்றாகப் பிரிக்கப்பட்டிருப்பதால் காரைத் தொட்டவருக்கு அடிக்காது. ஈரம் அந்தப் பிரிவை உடைத்தால் கணினி கண்டுபிடித்து காரை எடுக்க விடாது. உள்ளே நீர் போன காரை உலர்த்தி "ஒருக்கா ஸ்ராட் பண்ணிப் பாப்பம்" என்பது மட்டும் வேண்டாம்.

பூட்டிக் கிடக்கும் கார்கள்

கனடாவிலும் லண்டனிலும் இருப்பவர்கள் ஊருக்கு வந்தால் ஓட என்று வாங்கிப் பூட்டி வைத்த ஹைபிரிட்டுகள் இங்கே ஏராளம். இவை ஓடி ஓடிப் பழுதாகும் கார்களைவிட மோசமாகப் பழுதாகின்றன. முதலில் போவது 12 வோல்ற் சின்னப் பற்றரி. கணினிகளை எழுப்புவது அதுதான். அது செத்தால் பெரிய பற்றரி நிரம்பியிருந்தும் கார் அசையாது. இன்னும் சில மாதம் போனால் பெரிய பற்றரியும் தானே வடியும். ஸ்ராட்டர் மோட்டர் தனியாக இல்லை என்று மேலே சொன்னது இங்கேதான் கடிக்கும். பெரிய பற்றரி ஓரளவுக்குக் கீழே போனால் இஞ்சினைச் சுழற்ற வழியே இல்லை, தனிச் சாஜர் வேண்டும்.

2022 பெற்றோல் வரிசைகளில் இதே விபத்து வேறு வழியால் நடந்தது. ராங்கி காலியான பிறகும் மின்சாரத்தில் அரக்கி அரக்கிப் போகலாம் என்று போய், பற்றரியையும் துடைத்து எடுத்த கார்கள். வரிசையில் 'என்' இல் போட்டு ஏசியோடு நின்றவர்களுக்கும் அதுவே. 'என்' இல் இஞ்சின் ஓடினாலும் பற்றரி ஏறாது. நிற்பதென்றால் 'பார்க்' இல் நிற்க வேண்டும்.

பூட்டி வைப்பவர்கள் கிழமைக்கு ஒருமுறை யாரையாவது கொண்டு அரை மணி நேரம் காரை ஓட்டுவிப்பது நல்லது. முற்றத்தில் ஐந்து நிமிடம் ஸ்ராட் பண்ணி நிறுத்துவதால் பயன் சொற்பம். ஜம்ப் வயர் போடும்போது நேரும் எதிரும் மாறினால் பிரதான பியூஸோடு நிற்காமல் இன்வேற்றரையும் கொண்டுபோகலாம். ஹைபிரிட்டிலிருந்து வயர் எடுத்து லொறியை ஸ்ராட் பண்ண உதவப் போக வேண்டாம், அந்தச் சின்னப் பற்றரிக்கு அவ்வளவு வலு இல்லை.

ஹொண்டாவும் சுசுகியும்

ஹைபிரிட் என்ற ஒரே பெயரில் விற்கப்பட்டாலும் 2013 இல் வந்த ஹொண்டா பிற்றும் வெசலும் வேறு சாதி. ஏழு கியர், இரட்டைக் கிளச், நடுவில் ஒரு மோட்டர். திறந்த ரோட்டில் ஓட்டுவதற்கு அக்குவாவைவிட இதமாக இருக்கும். நல்லூர்த் தேர் அன்று பருத்தித்துறை வீதியில் ஊர்ந்து போனால் பற்றரி வடிந்ததும் கிளச் வழுக்கத் தொடங்கிச் சூடேறும். அந்த பிற் கார் முதல் ஓராண்டில் ஜப்பானிலேயே ஐந்து முறை மீளழைக்கப்பட்டது. வாங்குபவர் மென்பொருள் புதுப்பிக்கப்பட்டதா என்று பார்க்க வேண்டும். சுசுகி வகன் ஆரில் இருப்பது 2.3 கிலோவாற் மோட்டர், பெல்ற்றால் இஞ்சினைத் தள்ளிவிடும் அளவுக்கு. அதன் சிக்கனம் 660 சிசி இஞ்சினாலும் 800 கிலோ அளவு எடையாலும் வருவது. பெரிய பற்றரிச் செலவு இல்லை என்பது அதன் பலம். சந்தியில் நிற்கும்போது இஞ்சின் தானாக அணைந்து மறுபடி எழும் கார்களுக்கான 12 வோல்ற் பற்றரிக்குப் பதில் மலிவானதைப் போட்டால் அந்த அணைதலே நின்றுவிடும்.

வாங்கமுன்

இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, விடிய, காரைப் பாருங்கள். விற்பவர் முன்பே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். காரின் கணினியை வாசிக்கும் ஓபிடி கருவி போட்டு, பிரியஸ் என்றால் பற்றரித் தொகுதிகள் இரண்டிரண்டாகச் சேர்ந்த 14 சோடிகளின் வோல்ற்றையும் ஓட்டத்தில் பார்க்க வேண்டும். நிற்கும்போது எல்லாம் ஒரே மாதிரித்தான் காட்டும். அக்சிலேற்றரை அழுத்தி இழுக்கும்போது ஒன்று மட்டும் மற்றவற்றைவிட ஒரு வோல்ற் கீழே விழுந்தால் அதற்குள் நோய் இருக்கிறது. பிழைக் குறியீடு அழிக்கப்பட்டு எத்தனை கிலோமீற்றர் ஆயிற்று என்பதையும் கருவி சொல்லும். முந்தநாள் அழித்திருந்தால் காரணம் கேளுங்கள். பிரேக் மிதியைத் தொடாமல் 'ரெடி' இல் நிறுத்திக் காது கொடுங்கள். பிரேக் அழுத்தப் பம்பு சில விநாடிக்கு ஒருமுறை தானாக விர் என்றால் உள்ளே அழுத்தம் கசிகிறது, அந்தப் பகுதி மலிவானதல்ல.

பெரிய பற்றரி பழுது என்று காட்டும் பி0ஏ80 என்ற குறியீடு வந்தால் கராச்சில் "செல் மாத்துவம்" என்பார்கள். ஒரு தொகுதியை மட்டும் மாற்றினால் விளக்கு அணையும், சில மாதத்தில் திரும்ப எரியும். கிழட்டு மாடுகளுக்கு நடுவே இளம் மாட்டைப் பூட்டிய கதைதான். அடுத்த வலுவற்றது அடுத்து விழும். செய்வதென்றால் எல்லாத் தொகுதிகளையும் கழற்றி, ஒவ்வொன்றையும் மூன்று தடவையாவது ஏற்றி இறக்கி, 6.5 அம்பியர் மணி என்ற மூல அளவில் எவ்வளவு மிச்சம் என்று அளந்து, ஒத்தவற்றைச் சேர்த்துக் கட்ட வேண்டும். இரண்டு மூன்று நாள் வேலை. ஒரு மணி நேரத்தில் முடிக்கிறேன் என்பவரிடம் கொடுக்க வேண்டாம். யார் தொட்டாலும் உயர் அழுத்த மின்சாரம் போகும் செம்மஞ்சள் வயர்களுக்குக் கிட்டப் போகமுன் அதைத் துண்டிக்கும் சேர்விஸ் பிளக்கை இழுத்து, மின்தேக்கிகள் வடிய 10 நிமிடம் காத்திருந்து, 1,000 வோல்ற் தாங்கும் கையுறை போட வேண்டும். சாரமும் செருப்புமாகப் பற்றரிப் பெட்டிக்குள் கை வைப்பதைக் கண்டால் காரைத் திரும்ப எடுத்துவிடுங்கள்.

கடைசியில் காசுக் கணக்கு. பெற்றோல் லீற்றர் 300 ரூபா என்று வைத்துக்கொள்வோம். லீற்றருக்கு 12 ஓடும் சாதாரண காரோடு 22 ஓடும் அக்குவாவை ஒப்பிட்டால், மாதம் 1,500 கிலோமீற்றர் ஓடுபவருக்கு 57 லீற்றர் மிச்சம், ஆண்டுக்கு இரண்டு இலட்சம் ரூபாவுக்குக் கொஞ்சம் மேல். அவருக்குப் புதுப் பற்றரியின் விலையும் தாங்கும். மாதம் 300 கிலோமீற்றர் மட்டும் ஓடும் ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு மிச்சம் ஆண்டுக்கு 41,000 தான். அதுவும் அவருடைய குறுகிய ஓட்டங்களில் 22 கிடைத்தால். அவர் பத்து வயது அக்குவாவைத் தேடுவதைவிட ஒழுங்காகப் பராமரித்த சின்னப் பெற்றோல் காரையோ வகன் ஆரையோ பார்ப்பது மேல்.